உளுந்தங்களி வாசனையை நம்பிச் சீர்த்தட்டோடு வந்த சம்பந்தியம்மாளுக்கு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
ஆடி முதல் வெள்ளி.

சின்ன காஞ்சிபுரத்தில் வசிக்கும் மகா மரியாதைக்குரிய சம்பந்தியம்மாள் ரேணுகாம்பாள் அவர்களுக்கு, உங்கள் மகள் துர்காதேவியின் மாமியார் ஜெயம்மாள் எழுதிக்கொள்வது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் இங்கே நான், என் மகன் முத்துக்குமார், உங்கள் மகள், நம் பேத்தி அபி எல்லாரும் சௌக்கியம். அங்கே நீங்கள் சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை, ஆகையால் கேட்டுவிட்டேன். பதில் எழுத வேண்டாம். உங்களுக்கு முழங்கால் வலி எந்தக் காலில் என்பது வரைக்கும் பூக்காரி வழியாக எனக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒரே ஊரில் இருந்துகொண்டு, ஷேர் ஆட்டோ ஏறினால் வாயில் போட்ட வெற்றிலை தீர்வதற்குள் வந்து சேருகிற தூரத்துக்கு இவள் ஏன் தபால்தலை ஒட்டுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. நேரில் வரலாமென்றால் என் காலுக்கும் ரோஷம் இருக்கிறது. முந்தின வருஷம் வரதர் கருட சேவை அன்றைக்கு, வெயிலில் மண்டை காய்ந்து, உங்கள் வாசலில் வந்து நின்றேன். "வாங்க சம்பந்தி" என்றீர்கள். "உக்காருங்க" என்று சொல்லவில்லை. நாற்காலி இருந்தது, அதில் உங்கள் வீட்டுப் பூனை உட்கார்ந்திருந்தது. நான் நின்றபடியே மோர் குடித்து, நின்றபடியே தம்ளரைக் கொடுத்து, நின்ற கால் நோகத் திரும்பி வந்தேன். அந்த மோரில் உப்பும் இல்லை. இனி அந்த வாசற்படி மிதிப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன், இன்றைக்கும் அதில் மாற்றம் இல்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாக இருக்கும். ஞாபகம் கோணியதே இல்லை.

எழுத வந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக. உங்கள் மகன் கலியாணசுந்தரத்தின் பெண் சத்யப்ரியாவுக்கு அந்த ஊசியைப் போட்டுவிடுங்கள். ஆவணி பிறந்தால் அவளுக்குப் பதினைந்து ஆகிவிடும். பதினாலு வயசுப் பெண்களுக்குத்தான் அரசாங்கம் போடுகிறது, தாண்டினால் கிடையாது என்று ஆஸ்பத்திரி மேரி சிஸ்டர் சொல்லிவிட்டார். ஆடி ஒரு மாதம்தான் கையில் இருக்கிறது. என்மேல் இருக்கிற கோபத்தை அந்தப் பெண்மேல் காட்டாதீர்கள். என்மேல் காட்டுவதற்கு நான் இன்னும் கொஞ்ச வருஷம் இருப்பேன்.

நடந்ததை உங்கள் பக்கத்திலிருந்து சின்ன காஞ்சி முழுக்கச் சொல்லியாகிவிட்டது, கேள்விப்பட்டேன். என் பக்கத்தையும் கேளுங்கள். ஆனி மாதம் அபி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள், வீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். முத்துக்குமார் தறியில் உட்கார்ந்தபடியே வாங்கிப் படித்தான். பாதி வரியில் இருமல் வந்துவிட்டது அவனுக்கு. தாளைத் துர்காவிடம் நீட்டினான். துர்கா உதடு மட்டும் அசையப் படித்தாள், நாலாக மடித்து என் மடியில் வைத்தாள். "இன்னாடி இது, பேர் சொல்லக்கூடாத புருஷன் மாதிரி ஆளாளுக்கு முழுங்கறீங்க?" என்று கேட்டேன். அபிதான் தயிர்சாதத் தட்டோடு வந்து, செய்தி வாசிக்கிறவள் மாதிரி, "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி, ஆயா" என்று சத்தமாகப் படித்துவிட்டு ஊறுகாய் கேட்டாள். முத்துக்குமார் தறியை அவ்வளவு வேகமாக அடித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு வள்ளி என்று ஒரு தங்கை இருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். எதனால் போனாள் என்பது தெரியாது. ஏனென்றால் நாங்கள் யாருக்கும் சொன்னதில்லை, எங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டதில்லை. வயிற்றுவலி என்றுதான் பேச்சு. கடைசி வருஷம் முழுக்க அவள் அரக்குக் கலர் புடவை மட்டுமே கட்டினாள், கறை தெரியக்கூடாது என்று. அவள் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "பொம்பளைன்னா அப்படித்தான் இருக்கும், இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?" என்றார். அந்த அம்மாள் சொன்ன இடம், சொன்னபோது கையில் வைத்திருந்த முறம், எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்பது. வள்ளிக்கு அப்போது நாற்பது ஆகவில்லை. சம்பந்தியம்மா, நான் மனசில் வைத்திருக்கிற பகைக்கெல்லாம் ஆள் உண்டு, பேர் உண்டு, தெரு உண்டு. வள்ளியைக் கொண்டுபோனது எதுவோ அதன்மேல்தான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய பகை, அதற்கு மட்டும் பேர் இல்லாமல் இருந்தது. அபி படித்ததும் தெரிந்துபோயிற்று. ஓ, நீதானா அது என்று அந்தத் தாளைப் பார்த்துக் கேட்டேன். வாயால் இல்லை, மனசால்தான்.

ஆனாலும் தாளில் போட்டிருக்கிறது என்பதற்காக நம்புகிற ஆள் நான் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் அறுசுவை விருந்து என்றுதான் நீங்களும் போட்டிருந்தீர்கள், இரண்டாம் பந்தியில் பாயசம் தீர்ந்துபோனது. ஆகையால் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரிடம் ஒரு நாள் போய்க் கேட்டேன். வேறொரு நாள் ஆஸ்பத்திரியில் மேரி சிஸ்டரிடம் அதையே கேட்டேன், ஒன்றுமே தெரியாதவள் மாதிரி. அப்புறம் டாக்டரம்மாவிடம் முதலிலிருந்து கேட்டேன். ஒரு வார்த்தை மாறினாலும் பிடித்துவிடுவேன். மாறவில்லை. மூன்று பேரும் சொல்லிவைத்தது போலப் பேசினார்கள், கடைசியில் சொல்லிவைத்துக்கொண்டார்களோ என்றுகூடச் சந்தேகம் வந்தது.

டாக்டரம்மா சின்னப் பெண்தான். என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினாள் என்பதையும் இங்கே குறிப்பிடுகிறேன். அது ஒரு கிருமியால் வருகிற நோய், ஊசி போட்டால் அந்தக் கிருமி ஒட்டாது என்றாள். "எவனுக்குப் போட்டுப் பார்த்தீங்க? எங்க தெருவுலதான் மொதல்ல பார்க்கறீங்களா?" என்றேன். சிரித்தாள். "இல்ல ஆயா, சில நாட்டுல பதினஞ்சு வருஷத்துக்கு மேலயே போடறாங்க. அப்போ அபி மாதிரி இருந்த பொண்ணுங்க இப்போ பெரிய பொம்பளைங்க. புத்துநோய் வர்றதுக்கு முன்னால அந்த எடத்துல செல்லு மாறும், அந்த மாத்தமே அவங்ககிட்ட ரொம்பக் கொறைஞ்சுபோச்சு. சின்ன வயசுலயே ஊசி போட்டுக்கினவங்ககிட்ட புத்துநோயத் தேடித் தேடிப் பார்க்கறாங்க, கெடைக்கறதே அபூர்வமா இருக்குது" என்றாள். சம்பந்தியம்மா, டாக்டர்கள் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்று சந்தோஷப்படுகிறதை நான் இந்த வயசுக்கு அன்றைக்குத்தான் கேட்டேன். எழுந்து வரும்போது எனக்குக் கால் வலிக்கவில்லை. எதிரிக்கு எதிராக ஒரு ஆயுதம் கையில் கொடுத்தால் வாங்காமல் வருவேனா? வீட்டுக்கு வந்து, "போடுடா கையெழுத்து" என்றேன். முத்துக்குமார் தறியை நிறுத்திவிட்டுப் போட்டான்.

புதன்கிழமை ஊசி. அபி கண்ணை மூடவில்லை, நான்தான் மூடிக்கொண்டேன். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொன்னார்கள், அந்த அரைமணியும் மேரி சிஸ்டருக்கு என்னால் வேறு வேலை ஓடவில்லை. மறுநாள் காலையில் கை வலிக்கிறது என்றாள் அபி, நெற்றியும் லேசாகச் சுட்டது. அதெல்லாம் வரும், போய்விடும் என்று சிஸ்டர் முன்னமே சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். உடம்புக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று வெல்லமும் நல்லெண்ணெயும் போட்டு உளுந்தங்களி கிண்டினேன். இதுதான் நான் செய்தது. இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

குற்றம் எதிர்வீட்டுக் குப்புசாமி பெண்சாதியின் மூக்கில் இருக்கிறது. என் அம்மிக்குழவியை இரவல் வாங்கிப் போய் இன்றுவரை திருப்பித் தராதவள். அபிக்குப் பதினாலு ஆகியும் இன்னும் பெரியவளாகவில்லையே என்று எங்களை விட அவளுக்குத்தான் கவலை. பெண் பள்ளிக்கூடம் போகவில்லை, வீட்டிலிருந்து உளுந்தங்களி வாசனை வருகிறது, துர்கா போர்வையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். போதாதா? வயசுக்கு வந்த பெண்ணுக்குத்தான் உளுந்தங்களி கிண்டுவது என்று ஊருக்கே தெரியும். போனை எடுத்துத் தாய்மாமன் கலியாணசுந்தரத்துக்குச் சேதி சொல்லிவிட்டாள். அவனாவது, உண்மையா என்று ஒரு வார்த்தை தங்கையைக் கேட்டிருக்கலாம். தாய்மாமன் கேட்டுக்கொண்டா வருவான், சீரோடு வந்து நிற்பதுதானே கௌரவம்! அதுவும் இரண்டு வருஷமாகப் பட்டுப்பாவாடை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தவன்.

சாயங்காலம் மேளச்சத்தம் கேட்டது. யார் வீட்டு விசேஷமோ என்று நானும் எட்டிப் பார்த்தேன். முன்னால் மேளமும் நாகஸ்வரமும். பின்னால் ஜரிகை வேட்டியில் கலியாணசுந்தரம். குடிசை கட்டப் பச்சைத் தென்னோலையை ஆட்டோ மேலே கட்டியிருந்தார்கள், அதன் வால் தெருவைப் பெருக்கிக்கொண்டே வந்தது. வரிசையாகத் தட்டுகள், முதல் தட்டு மஞ்சள் குங்குமத்தோடு உங்கள் கையில். அந்த நடையைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

"எங்க எம் மருமவ?" என்று கலியாணசுந்தரம் சத்தம் போட்டான்.

பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சட்டையோடு, முறுக்கைக் கடித்துக்கொண்டே, அவன் மருமகள் வெளியே வந்தாள். "இன்னா மாமா, யாருக்குக் கல்யாணம்?"

"அடியே, வெளிய வரக்கூடாதுடி, உள்ள போ!" என்று கத்தினீர்கள் நீங்கள்.

"ஏன், மழையா ஆயா?" என்று அவள் வானத்தைப் பார்த்தாள். மேளக்காரர் ஒரு அடி அடித்துவிட்டு அடுத்த அடி அடிக்கலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார்.

கலியாணசுந்தரத்துக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. "அத்தை, அப்போ உளுந்தங்களி எதுக்குக் கிண்டனீங்க?"

"பசிக்கு."

"இஸ்கூலுக்கு ஏன் போகல?"

"ஊசி போட்ட கை வலிக்குதுன்னு."

"இன்னா ஊசி?"

அந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம். வைட்டமின் ஊசி என்றால் முடிந்தது. எல்லாரும் லட்டு தின்றுவிட்டுக் கலைந்திருப்பார்கள். ஆனால் வள்ளியை வயிற்றுவலி என்று சொல்லிச் சொல்லித்தானே அனுப்பிவைத்தோம்? "கர்ப்பப்பை வாயில புத்துநோய் வராம இருக்கறதுக்கு ஊசி!" என்றேன். அந்தச் சொல் எங்கள் தெருவில் அதற்கு முன் அவ்வளவு சத்தமாக விழுந்ததில்லை. நாகஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டார். முத்துக்குமார் திரும்பிப் போய்த் தறிக்குழிக்குள் இறங்கிக்கொண்டான்.

"பச்சப்புள்ளைக்கு அது எதுக்கு அத்தை? அதெல்லாம் கல்யாணம் கட்டனவங்களுக்கு வர்ற நோவு" என்றான் உங்கள் மகன்.

அவனும் தறிக்காரன்தானே. "ஏம்பா, பாவு நூலுக்குக் கஞ்சி எப்போ போடுவ?"

"தறியில ஏத்தறதுக்கு முன்னால."

"ஏன், மொதல்ல ஏத்தி நெய்யி. இழை அறுந்துச்சுன்னா அப்போ போட்டுக்கலாமே?"

"அதெப்படிப் போட முடியும்? தறியில ஏறனதுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். மேளக்காரர், "அதத்தான் அந்தம்மா சொல்றாங்க" என்றார். அவரை ஒரு முறை முறைத்தான் பாருங்கள், அவர் கூலி கிடைக்குமோ என்று பயந்திருப்பார். அப்புறம் குழந்தை பிறக்காமல் போனால் யார் பொறுப்பு என்றான். குழந்தை பிறப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தன் பெண்ணுக்கே போட்டிருக்கிறேன் என்று மேரி சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன். இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்றாலே சந்தேகமாக இருக்கிறது என்றான். இலவச மிக்சி வாங்க முதல் ஆளாக வரிசையில் நின்றவன் அவன். அன்றைக்கு அவனுக்கு வராத சந்தேகம்!

அதற்குள் தெருப் பெண்கள் சீர்த்தட்டைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். எத்தனை வயசு வரை, எங்கே போடுகிறார்கள், வலிக்குமா என்று ஆளுக்கொரு கேள்வி. குப்புசாமி பெண்சாதி கூட, குரலை இறக்கி, "எங்க சின்னவளுக்கும் பதினாலுதான்கா" என்றாள். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் நீங்கள், "போதும், மானத்த வாங்கியாச்சு. தட்டை எடுங்க" என்றீர்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆட்டோவில் ஒரு காலை வைத்துக்கொண்டு, திரும்பி, "எம் பேத்தி சத்யா கிட்ட அந்த ஊசி நெருங்காது" என்றீர்கள். அன்றிலிருந்துதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. மானம் போனது பற்றி நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படலாம், எனக்கும் கொஞ்சம் போனது. லட்டுத் தட்டில் குறைந்தது அபியின் வேலை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். உங்கள் தென்னோலை எங்கள் கொல்லையில் காய்ந்துகொண்டிருக்கிறது. அதற்கெல்லாம் சத்யப்ரியா என்ன செய்தாள்?

இப்போது எங்கள் தெருவில் அந்த வயசுப் பெண் ஊசி போடாதவள் ஒருத்தியும் இல்லை. நீங்கள் கொண்டுவந்த மேளம் இல்லையென்றால் இவ்வளவு பேர் கூடியிருக்க மாட்டார்கள், அந்தப் பெருமை உங்களுக்கு உண்டு. முப்பது தாண்டினவர்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், இன்றைக்கு ஊசி போட்ட பெண்களும் அந்த வயசு வந்தால் செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதால் துர்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். வெட்கப்பட்டுக்கொண்டே போனாள், ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வழியில் பூ வாங்கி வைத்துக்கொண்டு வந்தாள். உங்கள் மருமகளையும் அனுப்புங்கள். என் தங்கை இருந்திருந்தால் இன்றைக்கு அவளும் ஒரு பேத்தியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போயிருப்பாள். எனக்கு அந்தப் பெண்களைப் பார்க்கும்போது, இவர்களில் யாரும் அரக்குப் புடவைக்குள் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. அந்தப் பெண்களில் சத்யாவும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

கலியாணசுந்தரத்துக்கு என் ஆசீர்வாதம், மிக்சி விஷயம் மறக்கவில்லை என்று சொல்லவும். உங்கள் மருமகளுக்கு ஆசீர்வாதம். சத்யப்ரியாவுக்குத் திருஷ்டி சுற்றிப் போடவும். உங்களுக்கு என் வயசு அனுமதிக்கிற அளவு வணக்கம். பூனைக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசற்படி மிதிக்காத,
ஜெயம்மாள்.

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இந்தக் கடிதத்தை அபியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "ஆயா, சத்யாவுக்குப் போன செவ்வாயே போட்டாச்சு. ரேணு ஆயாதான் இட்டுக்கினு போச்சு. மாமா கையெழுத்துப் போடறவரைக்கும் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்துச்சாம்" என்கிறாள். ஏன்டி முன்னமே சொல்லவில்லை என்றால், எனக்குத் தெரியக்கூடாது என்று நீங்கள் சத்தியம் வாங்கினீர்களாம். "ஜெயம்மா வாய் இருக்குதே, அது வெஷம். ஆனா அந்த வாயில பொய் வந்து நான் பார்த்ததில்ல" என்று சொன்னீர்களாம். மறுநாள் சத்யாவுக்கும் உளுந்தங்களி கிண்டினீர்களாம், வாசனை தெருவுக்குப் போகாமல் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு.

இவ்வளவு எழுதிக் கை வலிக்கிறது. முன்னாலேயே சொல்லியிருந்தால் இத்தனை நாள் நான் சோறு தின்றிருப்பேன். இதை உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். இந்தக் கடிதம் தபாலில் போகவில்லை, தபால்தலையைப் பிய்த்துவிட்டேன். நாளைக்கு நானே கொண்டு வருகிறேன். நீங்கள் கடைசி வரி வரை படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். உட்காருங்க என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. பூனையை மட்டும் எழுப்பி வையுங்கள்.